நீ தனியாகச் செய்த பயிற்சிகள்

தம்பி, நீ போனில் கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, நீ என்ன கேட்டாய் என்பதே எனக்குச் சரியாக விளங்கவில்லை. "அப்பா, நான் சின்னப் பயலா இருந்தப்ப வீட்டுக்குப் பின்னாடி தனியா கோல்கீப்பிங் ப்ராக்டிஸ் பண்ணுவேன்ல, அது ஒவ்வொண்ணையும் எழுதி அனுப்புங்க. எதையும் விட்றாதீங்க" என்றாய். இப்போது உன்னிடம் கோல்கீப்பிங் பழக வருகிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய் யாருடைய துணையும் இல்லாமல் செய்வதற்கு ஒரு தாள் தயார் செய்கிறாயாம். செய்தவன் நீ. பார்த்தவன் நான், அதுவும் சமையலறை ஜன்னல் வழியாக. கால்பந்தில் எல்லாரும் காலால் உதைக்க, ஒருவன் மட்டும் கையால் பிடிக்கலாம் என்பதே உன்னால் எனக்குத் தெரிந்தது. அப்படியிருக்க, செய்தவன் பார்த்தவனைக் கேட்பதன் அர்த்தம் என்ன என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "பிள்ள கேட்டா எழுதிக் குடுங்களேன். என்னத்துக்கு இதுக்கொரு விசாரணை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதே போனில் நீ இன்னொன்றும் கேட்டாய். "சித்தப்பாவுக்குப் பத்திரிகை வச்சாச்சா?" லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொன்னேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு சாமி அலமாரியில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி உட்கார்ந்திருக்கிறது. குலசாமிக்கு வைத்தாகிவிட்டது. அடுத்து பங்காளிக்குத்தான் வைக்க வேண்டும். பங்காளிக்கு வைக்காமல் வேறு ஒருவருக்கும் வைக்க முடியாது. நமக்குப் பங்காளி என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பி. அந்தச் சுவர் எழுந்த நாளிலிருந்து நானும் அவனும் பேசிக்கொண்டதில்லை. நீ மறுபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய்: "நீங்களும் அம்மாவும் தட்டெடுத்துக்கிட்டு நேர்ல போய் கூப்பிடணும். சித்தப்பா மேடையில இல்லாம நான் மாலை போட மாட்டேன்ப்பா." இதை நீ கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ அமைதியாகச் சொன்னாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திருமங்கலத்தில் மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, பெண் வீட்டார் அங்கே ஊரையே அழைத்து முடித்துவிட்டார்கள், இங்கே நான் ஒரு பத்திரிகைகூட வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். அதுவாவது எழுத முடிகிறதா பார்ப்போம்.

முதலாவது, சுவரில் எறிந்து பிடிப்பது. பள்ளியில் பி.டி. வாத்தியார், வளர்ந்த பையன் என்று உன்னைக் கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர அவருக்கும் நேரமில்லை, தெரியவும் தெரியாது. நீ வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு பின்பக்கம் போய் அந்தச் சுவரைப் பார்த்து எறிய ஆரம்பித்தாய். கிட்டே நின்று எறிவாய், பிறகு ஒவ்வொரு அடியாகப் பின்னால் வருவாய். பந்து வரும்போது இரண்டு கட்டை விரலும் ஒட்டாத குறையாக, விரல்களை விரித்து, பந்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவாய். பிடித்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வாய். இது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. நம் பக்கம் சுவர் பூசாமல் செங்கல்லும் சாந்துமாகத் துருத்திக்கொண்டிருக்கும். பந்து நேராக எறிந்தால் கோணலாகத் திரும்பும். உனக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒருமுறை கொத்தனாரைக் கூட்டி வந்து பூசச் சொன்னேன். நீ சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, "பூசாதீங்கப்பா. எங்கிட்டு வரும்னு தெரியாம வர்றதுதான் நல்லாருக்கு" என்று அழாத குறையாகச் சொன்னாய். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் கொத்தனாரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். உன் பிள்ளைகளுக்கு இதை எழுது: பூசாத சுவராகப் பார்க்கச் சொல்.

எறிந்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் பிடிப்பதும் உண்டு. கைதட்டிவிட்டுப் பிடிப்பதும் உண்டு. டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் எறிந்து அதே கையால் பிடிப்பாய், பிறகு கை மாற்றுவாய். மல்லாந்து படுத்துக்கொண்டு பந்தை நேராக மேலே எறிந்து முகத்துக்கு மேல் பிடிப்பதும் ஒன்று. முதல்முறை உன் அம்மா உன்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு மயக்கம் போட்டு விழுந்துவிட்டாய் என்று தண்ணீர்ச் செம்போடு ஓடினாள். தண்ணீரை முகத்தில் அடித்த பிறகுதான் நீ சிரிப்பது தெரிந்தது.

இரண்டாவது, பக்கவாட்டில் ஓடுவது. காளவாசலில் என் கடையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும்போது ஒன்றுக்கும் ஆகாத மோட்டார் கூடுகள் மிஞ்சும். பழைய இரும்புக்குப் போடலாம் என்று பின்பக்கம் கொண்டுவந்து வைத்திருந்தேன். அவற்றை நீ வரிசையாக வைத்து, நடுவில் நண்டு நடப்பதுபோல் குறுக்காக ஓடுவாய். முகம் சுவரைப் பார்த்தபடியே இருக்கும். ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டக் கூடாது என்பாய். ஏன் என்று கேட்டேன். "கால் பின்னிக்கிட்டா தாவ முடியாதுப்பா" என்றாய். நான் இரும்புக் கடைக்காரரிடம் இந்த வாரம் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசிவரை அந்தக் கூடுகளைப் போடவே இல்லை.

மூன்றாவது, விழுவது. இதை எழுத வேண்டும் என்றால் அந்த ஃபிளெக்ஸைப் பற்றி எழுத வேண்டும். ஃபிளெக்ஸைப் பற்றி எழுத வேண்டும் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நீ எதையும் விட்றாதீங்க என்றாய்.

உன் சித்தப்பா மகளுக்குக் காதணி விழா வைத்தார்கள், அப்போது சுவர் கிடையாது, ஒரே வாசல். தெரு முனையில் ஆளுயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தான். குழந்தை படம் நடுவில். தாய்மாமன்கள் மூன்று பேரும் மீசையும் கண்ணாடியுமாக மேலே. அது முறைதான், காதுகுத்து அவர்கள் மரியாதை. கீழே வட்டம் வட்டமாக மற்ற சொந்தக்காரர்கள். நான் ஒவ்வொரு வட்டமாகத் தேடினேன். உன் சித்தியின் ஒன்றுவிட்ட அக்காள் வீட்டுக்காரர்கூட இருந்தார். பெரியப்பனாகிய என் படம் இல்லை. பந்தலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர், "என்ன, ஒங்க போட்டாவக் காணோம்?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து வெளியே வந்துவிட்டேன். கை நனைக்கவில்லை. அவனும் வந்து கூப்பிடவில்லை. பிறகு பேச்சில்லை, பிறகு பாகம் பிரித்தோம், பிறகு சுவர்.

விழா முடிந்து அவிழ்த்துப் போட்டிருந்த அந்த ஃபிளெக்ஸை நான்தான் சுருட்டிக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். சாட்சிக்கு. என்றாவது பெரியவர்கள் கூடி ஏன் பேசவில்லை என்று கேட்டால் விரித்துக் காட்டலாம் என்று. ஒருவரும் கேட்கவில்லை. நீதான் அதை எடுத்தாய். மணலைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் படம் கீழேயும் வெள்ளைப் பக்கம் மேலேயுமாக விரித்து, ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அதில் விழுந்து பழகினாய். முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்து பந்தைப் பக்கத்தில் உருட்டிவிட்டு அதன்மேல் சாய்வது. அது பழகிய பிறகு முட்டி போட்டு. பிறகு குந்தியிருந்து. கடைசியில்தான் நின்றுகொண்டு தாவுவது. முழங்கையில் விழக்கூடாது, வயிற்றில் விழக்கூடாது, பக்கவாட்டில் தொடையும் இடுப்பும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படவேண்டும். நான் ஜன்னலில் நின்று, சாட்சி நாசமாகிறதே என்று ஒரு பக்கம் பதறினேன். இன்னொரு பக்கம், அந்த மீசைகளின் மேல் என் மகன் விழுந்து புரள்கிறான் என்று சந்தோஷமாகவும் இருந்தது. இப்படிச் சந்தோஷப்பட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான்காவது, கத்துவது. பந்து மேலே வரும்போது "விடு, விடு, என்னோடது" என்று தொண்டை கிழியக் கத்துவாய். சுற்றிலும் ஆளே இருக்காது. பாகம் பிரித்த புதிது அல்லவா, பிள்ளை நமக்காகத்தான் சுவரைப் பார்த்துக் கத்துகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். உனக்கு முட்டை வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். கோல்கீப்பர் தன் ஆட்களை விலகச் சொல்லிக் கத்த வேண்டும், வாயைத் திறக்காத கீப்பரோடு யாராலும் விளையாட முடியாது என்று நீ பிறகு சொன்னாய். முட்டை மட்டும் நிற்கவில்லை.

ஐந்தாவதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதை நான் பார்த்தது உண்மை. என்ன பார்த்தேன் என்பது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நீ சுவரைப் பார்த்து நிற்பாய். முட்டி லேசாக மடங்கியிருக்கும், இரண்டு கையும் முன்னால் நீட்டியிருக்கும். கையில் பந்து இருக்காது. சுவர் உன்னைவிட, என்னைவிட உயரம். அப்படியே நிற்பாய். பிறகு மேலே இருந்து பந்து வரும். ஒருமுறை இடதுபக்கம், ஒருமுறை தலைக்கு மேல், ஒருமுறை காலடியில். நீ தாவிப் பிடிப்பாய். நீ எறிந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் ஜன்னலுக்கு வருவதற்குள் எறிந்துவிடுகிறான் போலிருக்கிறது, அவ்வளவு உயரமாக எறிகிறான், வருவதற்கு நேரமாகிறது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இதை எப்படி எழுதுவது? பந்து இல்லாமல் நின்றால் பந்து வரும் என்று எழுதினால் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?

நேற்று இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு உன் அம்மாவைக் கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

"நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அங்கிட்டு இருந்து எறிஞ்சது கொழுந்தனாரு."

எனக்கு முதலில் அந்த வாக்கியமே புரியவில்லை. அவள் மறுபடி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். ஒருநாள் உன் பந்து சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்ததாம். அங்கே போகக்கூடாது என்று நான் போட்டிருந்த உத்தரவால் நீ இங்கேயே நின்றிருக்கிறாய். பந்து திரும்பி வந்திருக்கிறது. நீ பிடித்திருக்கிறாய். மறுநாள் வேண்டுமென்றே தாண்டிப் போட்டிருக்கிறாய். "நான் மாடியில துணி காயப் போடும்போது பாப்பேன். கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வித விதமா எறிவாரு. அவரு வாலிபால் ஆடுன ஆளுதான. ஒரு வார்த்த பேசமாட்டாரு. பேசுனா ஒங்க காதுல விழுந்துருமே. எறியறதுக்கு முன்னாடி செவுத்துல ரெண்டு தட்டு தட்டுவாரு, அம்புட்டுத்தான்."

அந்தத் தட்டல் எனக்குத் தெரியும், தம்பி. வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். என்னை வம்புக்கு இழுக்க அவன் பக்கத்தில் சுவரில் ஆணி அடிக்கிறான் என்று நினைத்தேன். பொதுச் சுவரில் இவனுக்கு மட்டும்தான் உரிமையா என்று நானும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நம் பக்கத்தில் ஆணி அடித்தேன். அவன் தட்டிய நாளெல்லாம் அடித்தேன். அதில் ஏதாவது மாட்டுவதற்கு நமக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மா வெங்காயக் கூடையை மாட்டினாள். மிச்ச ஆணிகளில் நீ கயிற்றைக் கட்டி டயரைத் தொங்கவிட்டு அதற்குள் பந்தை எறிந்து பழகினாய். இப்போதும் அந்தச் சுவரில் எத்தனை ஆணி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மனிதன் இவ்வளவு ஆணி அடித்திருக்க வேண்டாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்திருப்பீங்க" என்றாள் உன் அம்மா. பிறகு, "ஃபிளெக்ஸ்ல படம் இல்லாததுக்குத்தான் கோவம்னு நீங்க மட்டும் அவருகிட்ட சொன்னீங்களாக்கும்?" என்றாள்.

"அதப் போய்ச் சொல்லணுமா? அவனுக்குத் தெரியாதா?"

அவள் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்" என்றாள்.

வெளியே வந்து திண்டாடிக்கொண்டு நின்றேன். கோபம் வந்தது, வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கியது. இதில் எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. என் வீட்டில், என் ஜன்னலுக்கு எதிரில், எனக்குத் தெரியாமல் என் தம்பி என் மகனை வளர்த்திருக்கிறான். அதற்காக அவன்மேல் கோபப்பட வேண்டுமா, அவன் காலைப் பிடிக்க வேண்டுமா? நீ கல்லூரி டீமில் சேர்ந்த அன்றைக்கு, "என் மகன் எவன் தயவும் இல்லாம தானா முன்னுக்கு வந்தவன்" என்று காளவாசல் டீக்கடையில் சத்தமாகச் சொன்னேன். அந்தக் கடையில் அவனும் நின்றிருந்தான். அவன் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் கிளாஸை வைத்துவிட்டு, லேசாகச் சிரித்தபடி போனான். அந்தச் சிரிப்பை எத்தனை விதமாக நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது அதையெல்லாம் திரும்ப முதலிலிருந்து நினைக்க வேண்டியிருக்கிறது. வயதான காலத்தில் இது பெரிய வேலை.

இன்றைக்கு உன் பழைய பந்தைப் பரணிலிருந்து எடுத்து, சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு வந்தேன். செய்து பார்த்தால்தான் எழுத வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் இறங்கிய நேரம். முதல் பயிற்சியைச் செய்தேன். எறிந்தேன், செங்கல்லில் பட்டுக் கோணலாகப் போய் வெங்காயக் கூடையில் விழுந்தது. மறுபடி எறிந்தேன், முழங்காலில் அடித்தது. நண்டுபோல் ஓடிப் பார்த்தேன், கால் பின்னிக்கொண்டது. நீ சொன்னது சரிதான். படுத்து எறிவதை மட்டும் செய்யவில்லை, உன் அம்மா செம்போடு வந்துவிடுவாள். அப்புறம் பந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கை நழுவிப் போனது என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். நான்தான் போட்டேன்.

அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் நின்றேன். வீட்டில் ஆள் இருக்கிறார்களா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. நீ சின்ன வயதில் எப்படித் தம்பி அப்படி நின்றாய்? உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன். சுவரில் இரண்டு தட்டு.

நான் திரும்புவதற்குள் பந்து வந்துவிட்டது. கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூக்கில் சரியான அடி. "யம்மா" என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தளர்ந்துபோன, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் வந்தது.

"கைய முன்னால நீட்டுண்ணே."

இத்தனை வருஷம் கழித்து என் தம்பி என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "நீட்டுனேன்டா, நீ அதுக்குள்ள போட்டுட்ட" என்றேன். அது பொய், கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், உன் அம்மா வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எப்போது சேலை மாற்றினாள் என்று தெரியவில்லை. "மூக்கத் தொடச்சுக்கிட்டு வாங்க, போவோம்" என்றாள்.

உன் சித்தியும் சித்தப்பாவும் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். உன் சித்தப்பா பத்திரிகையில் உன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தான். அவனுக்கு முடியெல்லாம் வெளுத்துவிட்டது. தெருவில் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் இது என் கண்ணில் படவே இல்லை. என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன்டா, அன்னைக்கு ஃபிளெக்ஸ்ல எம் படத்தப் போடல?"

"எந்த ஃபிளெக்ஸ்ணே?"

"பிள்ள காதுகுத்துக்கு வச்சியே, அது."

அவன் சித்தியைப் பார்த்தான், சித்தி உன் அம்மாவைப் பார்த்தாள். "அதுல ஒம் படம் இல்லையா? எல்லாப் போட்டாவையும் மொத்தமாத்தான்ணே கடையில குடுத்தேன். நான் பிள்ளையப் பாத்தேன், வேற எதையும் பாக்கல." பிறகு மெதுவாகக் கேட்டான். "மொதப் பந்தியில மச்சானுகள ஒக்கார வச்சுட்டு ஒன்னையக் கூப்பிடலன்னுதான நீ கோவிச்சுக்கிட்டுப் போன? ஒரு பந்திக்காக எம் பிள்ள விசேஷத்துல கை நனைக்காம போயிட்டயேன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு."

"பந்தியா? எந்தப் பந்தி?" என்றேன் நான்.

அவன் என்னையும் நான் அவனையும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு சண்டையும் அவன் ஒரு சண்டையும் போட்டிருக்கிறோம். இடையில் ஒரே சுவர். உனக்கு மணவாழ்க்கைக்குப் புத்தி சொல்லி எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? கோபம் வந்தால் இதற்காகத்தான் கோபம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடு. மைதானத்தில் கத்துவாயே, அதுபோல. அவளுக்குத் தெரியாதா என்று நினைக்காதே, தெரியாது.

உன் அம்மா போய் மாடிப்படிக்குக் கீழிருந்து ஃபிளெக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் வீட்டு முற்றத்தில் விரித்தோம். படம் உள்ள பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டோம். தம்பி, அதில் ஒன்றுமே இல்லை. வருஷக்கணக்காக மேலே நீ விழுந்து புரள, கீழே மணல் தேய்த்துத் தேய்த்து எல்லாம் போய்விட்டது. குழந்தை இல்லை, மச்சான்கள் இல்லை, வட்டங்கள் இல்லை. அங்கங்கே நீலமாகவும் மஞ்சளாகவும் சாயம் மட்டும் இருந்தது. உன் சித்தப்பா ஒரு கறுப்புக் கோட்டைத் தொட்டு, "இது மச்சான் மீசையா?" என்றான். குனிந்து பார்த்தேன், அது கிழிசல். என் படம் இருந்ததா, இல்லையா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நான் அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டிருப்பேனோ? உன் சித்தப்பா சாயம் போன அந்தப் பரப்பு முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு, "எம்புட்டு விழுந்துருக்கான்" என்றான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"சாப்புட்டுட்டுப் போண்ணே" என்றான். காலையில் வைத்த ரசமும் அப்பளமும்தான். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதை அவன் வீட்டில் இருந்தே எழுதி முடிக்கிறேன். நீ எதையும் விடக்கூடாது என்று சொன்னது எதற்காக என்று இப்போது லேசாகப் புரிகிற மாதிரி இருக்கிறது. நீ அதற்காகச் சொல்லவில்லை என்றால் அதையும் போனில் சொல்லிவிடு. ஐந்தாவது பயிற்சியை இப்படிப் போட்டுக்கொள்: உயரமான சுவருக்கு முன்னால் பந்து இல்லாமல் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் இருக்க வேண்டும். தனியாகச் செய்யும் பயிற்சிகள் என்று தாளுக்குத் தலைப்பு வைத்திருக்கிறாய், இது அதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள். கையை முன்னால் நீட்டி நிற்க வேண்டும் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் சித்தப்பா.

அப்பா